எவர்சில்வர் துப்பாக்கி

சேலையூரில் ஒரு பையன். 2024இல் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் வகுப்பில் மற்ற பையன்கள் செல்போன் வால்பேப்பரில் வைத்திருந்தவை: பைக், தோனி, அஜித், விஜய், அப்புறம் அம்மாவுக்குக் காட்ட முடியாத சில :-) இவன் வைத்திருந்தது ஒரு துப்பாக்கி. சாதாரண கறுப்புத் துப்பாக்கி இல்லை. குழாய், உடம்பு, விசைக்குக் கீழே தொங்கும் பெரிய வளையம், எல்லாமே வெள்ளி மாதிரி பளபளக்கும் ஒரு ரைஃபிள். பெயர் மார்லின் 1895 எஸ்பிஎல்.

அம்மா ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, துப்பாக்கிகூடவா எவர்சில்வர்ல வருது?" என்று கேட்டார். பையன் சிரித்தான். ஆனால் அம்மா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. எப்படி என்று பின்னால் பார்க்கலாம்.

முதலில், தாம்பரம் பக்கத்துப் பையனுக்கு அமெரிக்க மாட்டுக்காரன் துப்பாக்கி மேல் என்ன மோகம்? இதற்குக் காரணம் சிவகாசி. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த வீடுகளில் டெக்ஸ் வில்லரைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1948இல் இத்தாலியில் பிறந்த அந்த ரேஞ்சர், தமிழ் பேசிக்கொண்டே வின்செஸ்டரால் சுட்டுத் தள்ளுவார். பையனின் மாமா சேர்த்து வைத்திருந்த ஒரு பெட்டி நிறைய காமிக்ஸ் இவன் கைக்கு வந்தது. அப்புறம் டெர்மினேட்டர் இரண்டாம் பாகம் (1991). பைக்கில் போய்க்கொண்டே அர்னால்ட் ஒற்றைக் கையால் சுழற்றிச் சுழற்றிச் சுடுவாரே, அதுவும் லீவர் வகைதான். அதற்கும் அப்புறம் ஜுராசிக் வேர்ல்ட் (2015). அதில் கதாநாயகன் டைனோசர்களுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த எஸ்பிஎல்லைத்தான்.

ஆனால் இவனைப் பிடித்துக்கொண்டது சுடுவது இல்லை. அதன் இயக்கம். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளினால் உள்ளே போல்ட் பின்னால் நகர்கிறது. காலித் தோட்டா வெளியே தெறிக்கிறது. சுத்தியல் பின்னால் மடங்கி நிற்கிறது. குழாய்க்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்று மேலே வருகிறது. வளையத்தை மேலே இழுத்தால் அந்தத் தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. ஒரே கையசைவில் நான்கு வேலை. 'இயந்திரங்களின் இயக்கவியல்' பேப்பரில் அரியர் வைத்தவன்கூட இந்த லிங்கேஜைப் பார்த்தால் பாஸாகிவிடுவான்.

இதை 1860இல் உருப்படியாக்கிக் காப்புரிமை வாங்கியவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. அவருக்கு முதலாளி ஆலிவர் வின்செஸ்டர், அதற்கு முன் சட்டை தைத்து விற்றவர். அந்தக் குழாய் ஏற்பாட்டில் ஒரு வில்லங்கமும் உண்டு. தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால், ஓர் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் நெடுங்காலம் மொட்டை முனைத் தோட்டாக்கள்தான். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாடலில் குழாய்க்குப் பதில் பெட்டி வைத்து இதைத் தீர்த்தார்கள்.

அந்த 1895 மாடலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தபோது கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், லீவர் ரைஃபிள். அவர் நடந்த காடுகளில் பல இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இருக்கின்றன. ஜவளகிரி என்று ஓசூர்ப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறதே, அங்கே ஒரு ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்ட கதையை எழுதியிருக்கிறார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் இதே .405தான். ஆக, டெக்ஸ் வில்லர் வகையறா துப்பாக்கி காமிக்ஸ் வழியாக மட்டும் இங்கே வரவில்லை. நிஜமாகவே வந்து, ஓசூர்க் காட்டில் முழங்கியிருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தக் கதை முடிந்தது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். துப்பாக்கிகூடவா எவர்சில்வரில் வருகிறது? உண்மையில் கதை தலைகீழ். 1912இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளரிடம் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தது. சுடச்சுட ரைஃபிள் குழாயின் உட்புறம் அரித்துப்போகிறது, இதற்கு வழி என்ன? அவர் இரும்பில் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்து வார்த்த ஒரு கலவை, அமிலம் பட்டாலும் எளிதில் அரிக்கவில்லை. குழாய்க்காகத் தேடியது கத்தி, முள்கரண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நிக்கல் சேர்த்த இன்னொரு வகையை ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் க்ரூப் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். பீரங்கிக்குப் பேர்போன அதே க்ரூப்தான். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று பின்னால் நிலைபெற்ற அந்த வகைதான் இன்று நல்ல சாப்பாட்டுத் தட்டாகவும் டம்ளராகவும் இருக்கிறது. அதற்கான தகட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலையும் உருட்டித் தள்ளுகிறது. துப்பாக்கி எவர்சில்வருக்கு வரவில்லை அம்மா, எவர்சில்வர்தான் துப்பாக்கிக் கம்பெனி வாசலிலிருந்து சமையலறைக்கு வந்தது.

இதில் குரோமியத்தின் வேலை எளிமையானது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை மேலே போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் அந்தத் தோல் தானே மறுபடி வளர்கிறது. சும்மாவா, குரோம்பேட்டை என்று ஒரு ஊருக்கே பெயர் வைத்தார்கள்! (அது குரோமியம் உப்பு போட்டுத் தோல் பதனிட்ட 'குரோம் லெதர்' கம்பெனியால் வந்த பெயர். அங்கேயும் குரோமியம் தோலைத்தான் காப்பாற்றியிருக்கிறது.)

பாத்திரக் கடையில் சிலர் காந்தம் வைத்துப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18/8 வகையில் காந்தம் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் துப்பாக்கிக் குழாயில் ஒட்டும். காரணம், குழாய்க்குப் பொதுவாகப் பயன்படுவது நிக்கல் இல்லாத, குரோமியம் 12, 13 சதவீதம் அளவில் உள்ள, கடைசல் பிடிக்க வசதியான 416 என்ற ரகம். அது பாத்திரத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமே துருப்பிடிக்கும். உப்புக்காற்றும் கை வியர்வையும் அதற்கு ஆகாது. 'ஸ்டெயின்லெஸ்' என்றால் கறையே படியாது என்று அர்த்தம் இல்லை, குறைவாகப் படியும் என்றுதான் அர்த்தம்.

சரி, இவ்வளவு தெரிந்த பையனுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 2000இல் ஓய்வு பெற்றவர். அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்கி, ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் வாங்கினார். ஆசைக்காக இல்லை. சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் வங்கிக் காவல் வேலை சுலபமாகக் கிடைக்கும். கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இப்படிப்பட்ட அப்பாக்கள் பலர். 21 வருடம் அந்தத் துப்பாக்கியோடு வங்கி வாசலில் நின்று, 2022இல் முழங்கால் வலியோடு வேலையை விட்டார். துப்பாக்கி பீரோவுக்குள் போனது. அதன் குழாய் சாதாரண எஃகு. மேலே இருக்கும் அந்தக் கருநீல நிறம்கூட ஒருவகைத் துருதான். வேண்டுமென்றே கட்டுப்பாடாக ஏற்றிய துரு, மற்ற துருவைத் தடுப்பதற்காக.

2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர், போட்டியில் சுடுபவர் போன்றவர்களுக்கு விலக்கு கொடுப்பதுண்டு. அப்பா இப்போது வங்கிக் காவலர் இல்லை. ஒப்படைத்தார், ரசீது வாங்கிக்கொண்டார். தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. வாக்கு எண்ணிக்கையோ ஜூன் 4. கிட்டத்தட்ட எண்பது நாள் எண்ணெய் காணாமல் இருந்த துப்பாக்கி திரும்பி வந்தபோது குழாயில் மூன்று இடத்தில் செம்புள்ளி. யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த ஊர்க் காற்றில் பூட்டு, சாவி, ஜன்னல் கம்பி எல்லாமே அப்படித்தான்.

பையனுக்கு அதுதான் ஆரம்பம். அமெரிக்காவில் இந்த லீவர் ரைஃபிளை வாங்குகிறவர்கள் வாங்கிய மறுநாளே அதைப் பிரித்துவிடுகிறார்கள். பெரிய வளையம் மாட்டுவார்கள் (குளிரில் கையுறையோடு இயக்க அது வசதி). குறிபார்க்கும் வளையத்தை மாற்றுவார்கள். மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிய, ஈரத்தில் கோணாத கட்டை போடுவார்கள். பின்கட்டையில் தோட்டா செருக ஒரு தோல் உறை கட்டுவார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போடுவார்கள். அங்கே பல மாநிலங்களில் 18 வயதானவர் கடைக்குப் போய், அடையாள அட்டை காட்டி, பின்னணிச் சோதனை முடிந்ததும் அன்றே ஒரு ரைஃபிளோடு வெளியே வரலாம். மார்லின் கம்பெனியே திவால் ஏலத்தில் 2020இல் ரூகர் கைக்கு மாறி, 2021 கடைசியில் இந்த எஸ்பிஎல் புதிதாக வந்தபோது அதற்கு ஒரே அடிதடி.

இவன் அப்பாவிடம் கேட்டான். "அப்பா, குரோம்பேட்டைல நம்ம சீனியர் லேத் பட்டறை வச்சிருக்காருப்பா. குழாய ஒரு தடவை பாலிஷ் போட்டுரலாம். முனையும் தேஞ்சிருக்கு, ஒரு அங்குலம் எடுத்துட்டு ஃபினிஷ் பண்ணலாம். கட்டைய நான் புதுசா பண்றேன். நீங்க பாருங்க, மார்லின் மாதிரி ஆயிரும்."

அப்பா பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அதில் அவர் போட்டோ இருந்தது. துப்பாக்கியின் எண் இருந்தது. பையனின் பெயர் எங்கேயும் இல்லை.

1959ஆம் வருட ஆயுதச் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. ஐந்தாம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுது பார்த்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய அதற்கென்று தனி உரிமம் வேண்டும். லேத் பட்டறைக்கு அது கிடையாது. ஆறாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் குழாயின் நீளத்தைக் குறைப்பது குற்றம். 'ஒரு அங்குலம்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. எட்டாம் பிரிவின்படி அதில் பொறித்த அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பட்டறை பாலிஷில் முதலில் மங்குவது அதுதான். அப்பா கூட இல்லாமல், அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியும் இல்லாமல், அந்தத் துப்பாக்கியைப் பையன் பட்டறைக்குத் தூக்கிப் போவதே தப்பு. எண்ணெய் போட்டுத் துடைக்கலாம். அவ்வளவுதான்.

பிறகு அப்பா பேசினார். "ராணுவத்துல பத்தொன்பது வருஷம் ரைஃபிள் தூக்கினேன்டா. ஒரு நாள்கூட அது என்னுது இல்ல. காலைல கோத்துல கையெழுத்துப் போட்டு வாங்கணும், சாயங்காலம் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கணும். காசு குடுத்து வாங்கினா என்னுதாயிரும்னு நெனச்சேன். இதுவும் அப்படித்தான். ரசீது மட்டும் வேற." (ராணுவத்தில் ஆயுதக் கிடங்குக்குப் பெயர் கோத்.)

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 2001இல் லைசென்ஸ் வாங்கியபோது சேலையூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. நடுவே எல்லைகள் மாறின. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம். துப்பாக்கி ஒரே பீரோவில்தான் இருந்தது. அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019இல் இரண்டாகக் குறைத்தார்கள். வேடந்தாங்கல் போன்ற சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் வனத்துறையிடமும் லைசென்ஸ்காரர் பதிய வேண்டும். இங்கே துப்பாக்கி என்பது சொத்து இல்லை. அரசாங்கம் பொறுப்பில் விட்டு வைத்திருக்கும் ஒரு பொருள்.

பையனுக்கு இது அநியாயமாகப் பட்டது. அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. திருடன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வருவதில்லை. கள்ளத் துப்பாக்கிக்காரன் தேர்தலுக்கு ஒப்படைப்பதும் இல்லை. 21 வருடம் ஒரு தோட்டாகூடத் தவறாகச் சுடாத மனிதர்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வரிசையில் நிற்கிறார். ஆனால் மறுபக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் நூறு பேருக்கு 120 துப்பாக்கி. இந்தியாவில் சுமார் 5. நூறு பேருக்கு 120 இருக்கும் இடத்தில், பளபளப்பான வளையம் மாட்டி ரசிப்பவனும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து சுடுபவனும் ஒரே கடையில்தான் வாங்குகிறார்கள். யார் எவர் என்று கடைக்காரருக்குத் தெரிவதில்லை. அதற்காக ரசிப்பவனின் சுதந்திரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுவது என்பது இங்கே எடுத்த முடிவு. எண்பது நாள் துரு அதற்கான விலை. அதிக விலை இல்லை என்று அப்பா நினைக்கிறார். பையன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த எஸ்பிஎல்லை இங்கே வாங்க முடியுமா? நடைமுறையில் முடியாது. 1980களின் நடுவிலிருந்தே தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது மூடப்பட்டுவிட்டது. பெயர் பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான் வழி உண்டு. லீவர் ரைஃபிளுக்கு ஒலிம்பிக்கில் போட்டி இல்லை. புதிதாகக் கிடைக்கும் ரைஃபிள் என்றால், இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 போல்ட் ரகம் போன்றவைதான். ஆண்டர்சன் காலத்து வின்செஸ்டர் எதுவும் எங்காவது பரம்பரையாகக் கைமாறிக்கொண்டிருந்தால் உண்டு.

பரம்பரை என்றதும் இன்னொரு விஷயம். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 2026இல் எல்லாம் கூடி வந்தது. அதே வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் வேண்டும். பையன் காத்திருந்தான்.

அப்பா காத்திருக்கவில்லை. 2025இல் உரிமம் பெற்ற கடை ஒன்றில் துப்பாக்கியை விற்று, லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். முந்தின நாள் இரவு பையனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார். அவன் செம்புள்ளிகளை மெதுவாகத் தேய்த்து எடுத்தான். எண் பொறித்த இடத்தில் மட்டும் துணியை லேசாக ஓட்டினான். "ஏம்பா, எனக்குக் கேட்டிருக்கலாமே?" என்றான். "எனக்கு அது சோறு. உனக்கு என்ன?" என்றார் அப்பா. அதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இவனுக்கு வேண்டியது என்ன? ஒரு இயந்திரத்தைத் தன் உடம்புக்கு ஏற்றபடி திருத்துவது. அதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. .177 அங்குலத்துக்கு மேல் போகாத, 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் போட்டி ரைஃபிள்கள் அதற்குள்தான் வருகின்றன. பெசன்ட் நகர் கடற்கரையில் பலூன் சுடுகிறோமே, அதன் பெரியண்ணன். வேளச்சேரியில் குரு நானக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் நின்றதும் இந்தப் பத்து மீட்டரில்தான்.

அந்த ரைஃபிளில் கன்னம் வைக்கும் தகடு ஏறும், இறங்கும், சாயும். தோள் தகடு நீளும், வளையும். எடையைக் கூட்டலாம், குறைக்கலாம், மொத்தம் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினால் தெரியும் வித்தியாசம், பெரிய வளையம் மாட்டுவதைவிடப் பெரியது.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு கிளப்புக்குப் போகிறான். அங்கே இருப்பது கிளப்பின் ரைஃபிள். நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. ஒவ்வொரு தடவையும் முந்தின ஆள் வைத்த அளவிலேயே இருக்கும். அதனால் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறான். கன்னத் தகடு 14, தோள் தகடு 6, கைப்பிடி இடப்பக்கம் இரண்டு கோடு. போனதும் கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்து நிமிடம் திருகாணி திருப்பி, அதைத் தன்னுடையதாக்குகிறான். இரண்டு மணி நேரம் கழித்துத் துடைத்து, கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறான்.